பக்கத்து வீட்டுக் கொலைக்கு யார் சாட்சி?

1954ஆம் ஆண்டில் இரண்டு படங்கள் வந்தன. இரண்டிலும் ஒரு வீட்டுக்குள் கொலை நடக்கிறது. இரண்டிலும் முதலில் பேசுகிறவர் பக்கத்து வீட்டுக்காரர். ஏப்ரலில் வெளியானது ஏவி.எம். தயாரித்து எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’. சில மாதங்கள் கழித்து அமெரிக்காவில் வந்தது ஆல்ஃப்ரட் ஹிட்ச்காக்கின் ‘ரியர் விண்டோ’. ஒன்றைப் பார்த்து ஒன்று செய்யப்பட்டதல்ல. பாலசந்தரின் தூண்டுதல் ஜப்பானியப் படமான ‘ரஷோமோன்’. ஹிட்ச்காக் எடுத்துக்கொண்டது கார்னல் வுல்ரிச் 1942இல் எழுதிய சிறுகதை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு தெரிகிறது. அடுத்த வீட்டுக் குற்றத்தைக் கண்டவனைப் பற்றிய கதை எதுவானாலும் இரண்டு கேள்விகள் அதற்குள் இருக்கும். கண்டது உண்மைதானா என்பது ஒன்று. கண்டதைச் சொன்ன பிறகு சொன்னவன் கதி என்ன என்பது மற்றொன்று. ஹிட்ச்காக் முதல் கேள்வியில் மன்னன். நம்முடைய காப்பியங்களும் கோர்ட்டுகளும் சினிமாவும் இரண்டாவது கேள்வியைத்தான் விடாமல் கேட்டு வந்திருக்கின்றன என்பது என் கணிப்பு. திருப்புல்லாணிக்காரனாக இருப்பதால் இந்தக் கணிப்புக்கு வந்தேனோ என்னவோ. ஏன் என்பது பின்னால் தெரியும்.

‘ரியர் விண்டோ’வின் கதையைத் தெரியாதவர்களுக்காக: கால் முறிந்து மாவுக்கட்டுடன் சக்கர நாற்காலியில் கிடக்கிறான் ஜெஃப்ரிஸ் என்ற பத்திரிகைப் புகைப்படக்காரன். நியூயார்க்கில் கிரீனிச் வில்லேஜ் பகுதியில் அவன் குடியிருப்பு. பின்பக்க ஜன்னலைத் திறந்தால் பொது முற்றம், அதைச் சுற்றி எதிர்வீடுகளின் ஜன்னல்கள். வெயில் காலமாதலால் எல்லாம் திறந்தே கிடக்கின்றன. பொழுது போகாமல் பார்க்கத் தொடங்குகிறான். எதிர்வீட்டு விற்பனைப் பிரதிநிதி தோர்வால்டின் நோயாளி மனைவி ஒரு நாள் காணாமல் போகிறாள். அவன் நள்ளிரவில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் போய் வருகிறான். கொலைதான் என்று ஜெஃப்ரிஸ் முடிவு கட்டுகிறான். காதலி லிசாவும் பணிவிடை செய்ய வரும் ஸ்டெல்லாவும் முதலில் கண்டித்து, பிறகு அவனைவிட ஆர்வமாகிவிடுகிறார்கள். துப்பறியும் நண்பர் டாய்ல் மட்டும் நம்புவதில்லை. 31 வீடுகள் கொண்ட அந்த முற்றம் முழுவதையும் பாரமவுண்ட் ஸ்டுடியோவுக்குள்ளேயே கட்டினார்கள். கேமரா கிட்டத்தட்ட முழுப் படத்திலும் ஜெஃப்ரிஸின் அறையை விட்டு வெளியேறுவதில்லை. பெரும்பாலும் அவன் காண்பதற்கு மேல் நாமும் காண முடியாது.

இந்தப் படத்தைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் எட்டிப்பார்க்கும் இச்சையைப் பற்றியே எழுதினார்கள். ஜன்னல்தான் வெள்ளித்திரை, ஜெஃப்ரிஸ்தான் ரசிகன் என்ற விளக்கம் சரிதான், ஆனால் தேய்ந்துபோனது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது நடுவில் வரும் ஒரு சின்ன இடம். தோர்வால்டின் மனைவி உயிரோடு இருக்கிறாள் என்று டாய்ல் ஏறத்தாழ நிரூபித்துவிட்டுப் போகிறார். ஜெஃப்ரிஸும் லிசாவும் முகம் வாடி உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு பெண் கொல்லப்படவில்லை என்ற செய்தி தங்களுக்கு ஏமாற்றம் தருகிறதே என்பதை லிசாவே எடுத்துச் சொல்கிறாள். சாட்சியின் மனசுக்குள் நீதியுணர்வும் சுவாரசியமும் பிரிக்க முடியாதபடி கலந்து கிடப்பதை இத்தனை சுருக்கமாகக் காட்டிய இடம் வேறு படத்தில் எனக்குத் தெரியவில்லை. அடுத்த காட்சியிலேயே மாடி வீட்டுத் தம்பதியின் நாய்க்குட்டி கழுத்து முறிந்து கிடக்கிறது. அந்த அம்மாள், நீங்களெல்லாம் அக்கம்பக்கத்தாரா என்று முற்றமே கேட்க அழுது தீர்க்கிறாள். எல்லா ஜன்னல்களிலும் தலைகள் எட்டிப் பார்க்கின்றன. ஒரு வீட்டில் மட்டும் விளக்கு எரியவில்லை. இருட்டில் சுருட்டின் நெருப்பு மட்டும் மின்னி மின்னி அடங்குகிறது. வராதவன்தான் குற்றவாளி என்று ஜெஃப்ரிஸ் பிடித்துக்கொள்கிறான்.

படம் எடுக்கப்பட்ட வேளையில் அமெரிக்காவில் மெக்கார்த்தியின் விசாரணைகள் உச்சத்தில் இருந்தன. யார் கம்யூனிஸ்ட் என்று பக்கத்து மேஜைக்காரரே சொல்லிக்கொடுத்த காலம். அந்த நிழல் படத்தின்மேல் இருக்கிறது. ஆனாலும் ஹிட்ச்காக் கடைசியில் ஜெஃப்ரிஸைக் காப்பாற்றிவிடுகிறார். அவன் சந்தேகப்பட்டது சரியாகவே இருந்தது. இன்னொரு காலும் முறிந்ததோடு சரி. நீதிமன்றம் இல்லை, கூண்டு இல்லை, குறுக்கு விசாரணை இல்லை. மறுநாளும் அதே முற்றத்தில் தோர்வால்டின் உறவுக்காரர்களோடு அவன் குடித்தனம் நடத்த வேண்டியதில்லை.

நம் தெருக்களின் அமைப்பே வேறு. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள்; முன்னால் திண்ணை, பின்னால் கொல்லை. திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்க்கிறவரைத் தெருவும் பார்க்கும். ஜெஃப்ரிஸ் தன் அறை விளக்கை அணைத்துவிட்டு நாற்காலியை நிழலுக்குள் இழுத்துக்கொள்ள முடிந்தது. இராமநாதபுரத்துக் கிராமம் ஒன்றில் அப்படி மறைந்து பார்த்தவர் யார் என்பது விடிவதற்குள் தெரிந்துவிடும். ஆகவே கண்டவர் பெரும்பாலும் வாயைத் திறப்பதில்லை. ‘நமக்கெதுக்கு வம்பு’ என்ற சொல்லைக் கோழைத்தனம் என்று பட்டணத்துக்காரர்கள் எழுதிவிடுகிறார்கள். நாளைக்குத் தண்ணீர் பிடிக்கிற குழாயடியிலும் திருவிழா வரி வசூலிலும் அதே முகத்தில் விழிக்க வேண்டியவனின் கணக்கு அதில் இருக்கிறது.

‘அந்த நாள்’ இந்தக் கணக்கைத் தெரிந்து எடுத்த படம். 1943 அக்டோபர் 11 இரவு சென்னை மீது ஜப்பானிய விமானம் குண்டு போட்டது வரலாறு. அந்தக் குண்டுவீச்சையொட்டி, ராஜன் (சிவாஜி கணேசன்) என்ற ரேடியோ இன்ஜினீயர் தன் வீட்டில் சுட்டுக் கொல்லப்படுகிறான். வெடிச்சத்தம் கேட்டுப் போலீசுக்கு ஓடுகிறவர் அண்டை வீட்டுச் சின்னையா பிள்ளை. இங்கேதான் பாலசந்தரும், திரைக்கதை வசனம் எழுதிச் சி.ஐ.டி. அதிகாரியாகவும் நடித்த ஜாவர் சீதாராமனும் ஹிட்ச்காக்கிடமிருந்து விலகுகிறார்கள். சின்னையா பிள்ளை சொல்வதைக் கேட்டதும் போலீஸ் அவரையும் சந்தேகப் பட்டியலில் சேர்க்கிறது. தம்பி, தம்பி மனைவி, ஆசைநாயகி, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒவ்வொருவரும் சொல்லும் கதையில் வேறொருவர் கொலைகாரர் ஆகிறார். கண்டதைச் சொல்வதாக நினைத்து எல்லோரும் தங்கள் பகையையே சொல்கிறார்கள். பாட்டில்லாத, நடனமில்லாத முதல் தமிழ்ப் படம் என்று இதைப் புகழ்வதோடு நிறுத்திவிடுகிறோம். சாட்சியின் வாக்குமூலம் குற்றவாளியைக் காட்டுவதற்கு முன் சாட்சியையே காட்டிக்கொடுத்துவிடும் என்பதைத் தமிழில் முதலில் சொன்ன படமும் இதுதான்.

முடிவு இன்னும் கூர்மையானது. ராஜன் நாட்டின் ரகசியங்களை ஜப்பானுக்கு விற்றவன். அதைக் கண்டுபிடித்தவள் அவன் மனைவி உஷா (பண்டரிபாய்). வெடித்தது அவள் கையிலிருந்த துப்பாக்கி. குற்றம் பக்கத்து வீட்டில் இல்லை, பக்கத்துப் படுக்கையில். தாலி கட்டியவன் தேசத் துரோகி என்று தெரிந்த பெண் என்ன செய்வாள் என்ற கேள்வியை 1954இன் தமிழ் ரசிகனிடம் வைத்தார்கள். முதல் வெளியீட்டில் படம் ஓடாததில் வியப்பில்லை. தேசிய விருதில் தகுதிச் சான்று கிடைத்தது பிறகு.

இந்தக் கேள்விக்கு எங்கள் ஊரில் ஒரு கோயிலே இருக்கிறது. திருப்புல்லாணி ஆதிஜகந்நாதப் பெருமாள் கோயிலில் தர்ப்பைப் புல்லில் கிடந்த கோலத்தில் இராமன் இருக்கிறான். கடலரசனிடம் வழி கேட்டுக் கிடந்தான் என்பது தலபுராணம். சில கிலோமீட்டர் தெற்கே சேதுக்கரை. விபீஷணன் அண்ணனை விட்டுக் கடல் தாண்டி வந்து சரணடைந்த இடமும் இதுவே என்பது வைணவ மரபு. வேதாந்த தேசிகர் ‘அபயப்ரதான ஸாரம்’ என்று ஒரு நூலையே இந்தச் சரணாகதிக்காக எழுதினார். பக்தியைத் தள்ளி வைத்துவிட்டுப் பார்த்தால், சொந்த வீட்டில் நடந்த ஆள்கடத்தலைக் கண்டு, வீட்டுக்குள்ளேயே எதிர்த்துச் சொல்லி, கேட்காதபோது எதிர்த்தரப்பிடம் போய் நின்ற சாட்சியின் கதை இது.

வால்மீகி இந்த இடத்தை எழுதியிருக்கும் விதம் ஒரு நீதிமன்றத்துக்குத் தகும். வந்தவனை உடனே யாரும் கட்டித் தழுவவில்லை. சுக்ரீவன், இவன் ஒற்றன், கொல்லலாம் என்கிறான். அங்கதன், சரபன், ஜாம்பவான், மைந்தன் என்று ஒவ்வொருவராகக் கருத்துச் சொல்கிறார்கள். ஒருவர் சோதிக்கச் சொல்கிறார், ஒருவர் வந்த நேரத்தைச் சந்தேகிக்கிறார், ஒருவர் விசாரிக்கச் சொல்கிறார். கடைசியில் அனுமன்தான் அவன் பேச்சையும் முகக்குறியையும் வைத்து நம்பலாம் என்கிறான். அனுமனுக்குச் சாட்சியத்தின் அருமை தெரியும். இலங்கையில் சீதையைக் கண்டதாக வாயால் சொன்னதோடு நில்லாமல் சூடாமணியையும் கொண்டுவந்து கொடுத்தவன் அவன். இராமேசுவரத்தில் சாட்சி அனுமார் கோயில் என்று தனியாகவே ஒன்று உண்டு. கண்ணால் கண்ட சாட்சியமும் கையில் பொருளும் சேர்ந்தால் வழக்கு நிற்கும் என்பது வக்கீல்கள் இன்றும் சொல்வது.

ஆனால் விபீஷணனைச் சந்தேகத்தின் நிழல் விட்டதே இல்லை. காரணம் எளிது. சரணடைந்த கையோடு கடற்கரையிலேயே அவனுக்கு இலங்கை அரசனாக முடிசூட்டிவிடுகிறார்கள். தனுஷ்கோடிப் பாதையில் 1964 புயலுக்கும் தப்பி நிற்கும் கோதண்டராமர் கோயிலில் ஆனி மாதம் இந்தப் பட்டாபிஷேகம் விழாவாகவே நடக்கிறது. சாட்சி சொன்னவனுக்கு அதனால் ஆதாயம் கிடைத்தது என்றால், அவன் சொன்னது எத்தனை உண்மையானாலும் ஊர் ஏற்காது. புலவர் குழந்தை 1946இல் எழுதிய ‘இராவண காவியம்’ அவனைத் துரோகியாக்கியது. வீட்டைக் காட்டிக்கொடுத்தவனுக்கு உவமை தேடும்போது பேச்சு வழக்கிலும் அவன் பெயர்தான் முதலில் வருகிறது. இதே தவற்றைக் கண்டு, இதே கண்டனத்தைச் சொல்லிவிட்டு, பிறகு அண்ணனுக்காகச் சண்டை போட்டுச் செத்த கும்பகர்ணன்மேல் கம்பனைப் படிக்கிறவர்களுக்கு இரக்கம் பெருகுகிறது. உண்மையைச் சொன்னவனைவிட உறவோடு செத்தவனை நாம் அதிகம் நேசிக்கிறோம் என்பது ஒரு சமுதாயத்தைப் பற்றிச் சங்கடமான செய்தி. உறவில்லாத மூன்றாம் மனிதனாகக் குறுக்கே புகுந்த ஜடாயுவோ, மரண வாக்குமூலம் கொடுக்க மட்டுமே மிஞ்சினான்.

பொய்ச்சாட்சியைப் பற்றி நமக்கு இவ்வளவு குழப்பம் இருந்ததில்லை. சிலப்பதிகாரத்தின் புகாரில் சதுக்கப் பூதம் பொய்க்கரி சொன்னவனைப் பிடித்துத் தின்றுவிடும். அப்படி ஒருவனைக் காப்பாற்றத் தன் உயிரைக் கொடுக்க வந்த கோவலன்தான், பின்னால் மதுரையில் ஒற்றைப் பொற்கொல்லனின் சொல்லால் வெட்டுண்டு சாகிறான். பொய் சொன்னவனுக்குத் தண்டனை உண்டு; கண்டும் சொல்லாதவனுக்கு என்ன என்று இளங்கோ கேட்கவில்லை.

அதைச் சட்டம் கேட்டது. கொலை போன்ற சில குற்றங்களைப் பற்றித் தெரிந்த எவரும், தகுந்த காரணமில்லாவிட்டால், போலீசுக்கோ மாஜிஸ்ட்ரேட்டுக்கோ உடனே தகவல் தர வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு இது. 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 33ஆம் பிரிவு. நீதிமன்றங்கள் கண்கண்ட சாட்சிகளை வகைப்படுத்துவதிலும் சுவையான நுட்பம் உண்டு. தற்செயலாக அந்த வழியே போனவர் ‘சந்தர்ப்ப சாட்சி’. அவரை எச்சரிக்கையோடுதான் நம்ப வேண்டும். அங்கே குடியிருப்பவர், கடை வைத்திருப்பவர் ‘இயல்பான சாட்சி’. அதாவது சட்டத்தின் கண்ணில் பக்கத்து வீட்டுக்காரர்தான் உயர்ந்த சாட்சி. உறவுக்காரரைப் பற்றி 1953இல் நீதிபதி விவியன் போஸ் ஒரு பஞ்சாப் வழக்கில் சொன்ன தர்க்கம் இன்றுவரை எடுத்தாளப்படுகிறது: நெருங்கிய உறவினர் உண்மைக் குற்றவாளியைத் தப்பவிட்டு நிரபராதியை மாட்டிவிட எளிதில் முன்வர மாட்டார். உறவு ஒன்று, ஆதாயம் வேறு. இந்தப் பிரிவினை விபீஷணனுக்குக் கிடைக்கவில்லை. 1957இல் சென்னை மாநிலத்துக் கொலை வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இன்னொன்றையும் உறுதி செய்தது: சாட்சிகளை எண்ண வேண்டாம், எடை போடுங்கள், ஒற்றைச் சாட்சி முழுக்க நம்பத் தகுந்தவராக இருந்தால் அவரே போதும். ஜெஃப்ரிஸ் இங்கே கூண்டேறியிருந்தால் அவனுடைய தொலைநோக்கியைவிட அவன் சலிப்பைப் பற்றித்தான் எதிர்த்தரப்பு வக்கீல் அதிகம் கேட்டிருப்பார்.

சாட்சியை எடை போடலாம் என்றால் சாட்சியைத் தயாரிக்கவும் செய்யலாம். ஜீத்து ஜோசப் மலையாளத்தில் 2013இல் எடுத்து, 2015இல் கமல்ஹாசனை வைத்துத் தமிழில் ‘பாபநாசம்’ ஆக்கிய கதையின் புதுமை அங்கேதான். குடும்பத்தைக் காக்க ஒரு கொலையை மறைக்கும், கேபிள் டி.வி. நடத்தும் சுயம்புலிங்கம் யாருக்கும் காசு கொடுப்பதில்லை, யாரையும் மிரட்டுவதில்லை. கண்டக்டர், ஓட்டல்காரர், லாட்ஜ்காரர், தியேட்டர் ஆபரேட்டர் எல்லோரும் மனமறிந்து உண்மையையே சொல்கிறார்கள். பார்த்த நாள் மட்டும் தவறு. திரும்பப் போய்ப் பேச்சுக்கொடுத்து நாளை அவர்கள் நினைவில் ஊன்றிவிட்டான். உண்மையாகவே குற்றத்தின் தடயத்தைக் கண்டவர் ஒருவர்தான்: இறந்தவனின் காரை அவன் ஓட்டிப் போனதைப் பார்த்த கான்ஸ்டபிள் பெருமாள். லஞ்சம் வாங்குகிற, அவன்மேல் பகை உள்ள, குழந்தையை அடிக்கிற ஆள். ஆகவே ஊரும் படம் பார்க்கும் நாமும் ஒரே உண்மைச் சாட்சியை வெறுக்கிறோம். ‘ரியர் விண்டோ’வைத் தலைகீழாகக் கவிழ்த்தால் கிடைப்பது இது. 2021இல் வந்த மலையாள ‘திரிஷ்யம் 2’ இன்னும் ஒரு படி போயிற்று. அதில் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்து பாயாசம் வரை பரிமாறிக்கொள்ளத்தக்க நட்பாகிவிட்ட தம்பதிதான் வேவு பார்க்க வந்த போலீஸ். அண்டை வீட்டாரை நம்பிப் பேசிய மனைவியின் ஒரு வாக்கியத்தில் குடும்பமே மாட்டுகிறது.

கதைகளை விட்டுவிட்டு நடந்தவற்றுக்கு வருவோம். 1964 மார்ச்சில் நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் என்ற பெண் கொல்லப்பட்டபோது 38 பேர் ஜன்னலிலிருந்து பார்த்தும் ஒருவரும் உதவவில்லை என்று ‘நியூயார்க் டைம்ஸ்’ எழுதியது. கூட்டம் கூடக் கூடப் பொறுப்பு கரையும் என்ற உளவியல் கொள்கை டார்லி, லட்டானே ஆய்வுகள் வழியாகப் பாடப்புத்தகம் ஏறியது இந்தச் செய்தியின் தூண்டலில்தான். அந்த 38 மிகைப்படுத்தப்பட்ட கணக்கு என்பது பிறகு தெரிந்தது. 2016இல் பத்திரிகையே ஒப்புக்கொண்டது. அதே 2016 ஜூன் 24 காலை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் பயணிகளின் கண்ணெதிரே வெட்டிக் கொல்லப்பட்டார். உடல் நெடுநேரம் பிளாட்பாரத்திலேயே கிடந்ததைச் சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்தது. நிலையத்தில் கேமரா இல்லை. சந்தேகத்துக்குரியவரின் உருவம் கிடைத்தது அருகிலிருந்த தனியார் கேமராப் பதிவில். கைதானவர் விசாரணைக்கு முன்பே புழல் சிறையில் இறந்துபோனதால், பிளாட்பாரத்தில் கண்டவர்களின் வார்த்தையைச் சோதித்துப் பார்க்கும் நாள் வரவே இல்லை.

சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் போலீஸ் காவலில் தாக்கப்பட்டு இறந்த வழக்கில், விசாரிக்க நிலையத்துக்கே சென்ற நீதித்துறை நடுவரிடம் இரவு முழுவதும் அடித்ததைச் சொன்னவர் அதே நிலையத்தின் பெண் தலைமைக் காவலர். சுற்றிலும் நின்றவர்கள் அவருடைய சக ஊழியர்கள். பயந்துகொண்டேதான் சொன்னார் என்பது நடுவரின் அறிக்கையில் பதிவானது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தலையிட்டு அவருக்குப் பாதுகாப்புக் கொடுக்க வைத்தது. உஷாவுக்கும் விபீஷணனுக்கும் அடுத்த இடம் இவருக்குத்தான். முடிசூட்டு மட்டும் கிடையாது.

எதிர்ப்பக்கத்தில் கோகுல்ராஜ் வழக்கு. 2015 ஜூனில் திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலுக்குத் தோழியோடு போன அந்தத் தலித் இளைஞர் கடத்தப்பட்டு, மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். உடன் இருந்த தோழி நீதிமன்றத்தில் பிறழ் சாட்சியானார். ஆனாலும் கோயில் கேமராப் பதிவுகளைக் கொண்டு 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் முக்கியக் குற்றவாளியான யுவராஜ் உள்ளிட்டோருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் அந்தப் பெண்ணை அழைத்து, அவர் முன்னாலேயே திரையில் பதிவை ஓட்டிக் காட்டியது. கோகுல்ராஜோடு நடந்து போவது நானல்ல என்றார் அவர். நீதிமன்றம் அவமதிப்பு நடவடிக்கை எடுத்தது. 2023 ஜூனில் முக்கியக் குற்றவாளிகளின் தண்டனையை உறுதி செய்தது. சட்டப்படி நீதிமன்றம் செய்தது சரி. ஆனால் ஜன்னலுக்கு இப்பால் இருட்டில் உட்கார்ந்தவன் எதிர்வீட்டைப் பார்ப்பதற்கும், கூண்டில் நின்று தன் உருவத்தையே பார்த்து மறுப்பதற்கும் இடையில் இருக்கும் தூரத்தை எந்தத் திரைக்கதையாசிரியரும் இதுவரை எழுதவில்லை.

கேமரா வந்ததால் சாட்சி தேவையில்லை என்று சொல்வோர் உண்டு. ஒப்பமாட்டேன். மின்னணுப் பதிவுக்கும் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். அந்தச் சான்றிதழைத் தருகிறவரும் ஒரு மனிதர், அவரும் ஏதோ ஒரு தெருவில் குடியிருப்பவர்.

உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் ஏற்றுக்கொண்ட சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தில் மாவட்டந்தோறும் முதன்மை நீதிபதி தலைமையில் குழு உண்டு. சாட்சியின் தொலைபேசி எண்ணை மாற்றலாம், வீட்டில் கேமரா பொருத்தலாம், கோர்ட்டுக்குக் காவலோடு கூட்டிவரலாம், தற்காலிகமாக வேறிடத்தில் குடிவைக்கலாம். ஒரு தடவைக்கு மூன்று மாதத்துக்கு மேல் போகக் கூடாது. ஒவ்வொரு மாநிலமும் இப்படி ஒரு திட்டத்தை அறிவிக்க வேண்டும் என்பது இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலேயே, 398ஆம் பிரிவாக, ஏறிவிட்டது. சென்னையில் வாடகைக்கு இருப்பவருக்கு இது ஓரளவு பயன்படும். சேதுக்கரைப் பக்கம் வள்ளமும் வலையும் வைத்திருப்பவரை, பனைக்கும் வயலுக்கும் பங்காளிகளோடு ஒரே பட்டாவில் பேர் உள்ளவரை, மூன்று மாதம் எங்கே கொண்டுபோய் வைப்பது, நான்காம் மாதம் அவர் எந்த வீட்டுக்குத் திரும்பி வருவது என்பதற்கு அந்தத் திட்டத்தில் விதி இல்லை.